கால்டுவெல் வீட்டுப் பெண்கள்

தமிழ் இளங்கலை மாணவிகளுக்கு ராபர்ட் கால்டுவெல் ஒரு இரண்டு மதிப்பெண் வினா. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் யார், எந்த ஆண்டில்? விடையை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடலாம். போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் அவர் இன்னும் சுருங்கி, நான்கு பெயர்களில் டிக் அடிக்க வேண்டிய ஒரு பெயராகிவிடுகிறார். பதினெட்டு ஆண்டுகளாக இந்த விடைகளைத் திருத்திவருகிறேன். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் சிலையாக எழுந்த அங்கி அணிந்த பேராயர்தான் எல்லா விடைத்தாள்களிலும் நிற்கிறார். அவருக்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் பெண்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் ஒரு தொழில் இருந்தது என்பதை எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொன்னதில்லை.

நான் பாடம் நடத்துவது ஆம்பூர்ப் பக்கம். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பாலாற்றை ஒட்டியும் தள்ளியும் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த நிலம் இது. என் மாணவிகள் பலருடைய அம்மாக்கள் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். இன்னும் சிலருடைய அம்மாக்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஊசியும் மெழுகு நூலுமாக ஷூவின் மேல்பாகத்தை, இங்கே எல்லோரும் சொல்கிறபடி ‘அப்பர்’, தைத்துக் கொடுப்பவர்கள்.

இந்த ஊர்களின் கிறிஸ்தவ வரலாற்றில் கால்டுவெல்லுக்கு இடமில்லை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஆங்கிலிக்கன் தேவாலயம் 1846இல் படையினருக்காகக் கட்டப்பட்டது. கிராமங்களுக்கு வந்தவர்கள் அமெரிக்க சீர்திருத்தச் சபையினர். ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர்தான் வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கி 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் மரபும் ஆற்காட்டின் அமெரிக்க மரபும் ஒரே கூரைக்குள் வந்தன. ஆக எங்களுக்குக் கால்டுவெல் பங்காளி வீட்டுத் தாத்தா மாதிரி. நேரடிச் சொந்தம் இல்லை, ஆனால் அவர் பேச்சு வீட்டில் அடிபடுகிறது. அடிபடும் காரணம் மொழி.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1814 மே 7இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போனது. டப்ளினில் ஓவியம் படித்தார். பிறகு மனம் சமயத்தின் பக்கம் திரும்பி, லண்டன் மிஷனரி சங்கத்தின் உதவியோடு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் ஒருவர் மூட்டிய ஆர்வத்தில்தான் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். மூன்று ஆண்டு அங்கே தமிழ் படித்தார். 1841இல் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். சென்னையிலிருந்து நடந்தே தஞ்சாவூர், கோயம்புத்தூர் வழியாக நீலகிரி ஏறி, ஊட்டியில் பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் தேரி மணலும் பனையும் நிறைந்த இடையன்குடிக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். அரை நூற்றாண்டு அதுவே அவர் ஊர்.

இந்த நடைப்பயணத்தை எழுதாத வாழ்க்கை வரலாறு இல்லை. வெள்ளைக்காரத் துரை பல்லக்கில் போகாமல் நடந்து போனார் என்பது வியப்புதான். நடப்பது இந்த நாட்டுப் பெண்கள் யாருக்கும் வியப்பான செயல் இல்லை என்பதால் நான் அங்கே அதிகம் நிற்கவில்லை.

1844 மார்ச் 20இல் நாகர்கோவிலில் கால்டுவெல்லுக்கும் எலிசா மால்ட்டுக்கும் திருமணம். நான் நிற்க விரும்புவது இங்கே. எலிசாவின் பெற்றோர் சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819 முதல் நாகர்கோவிலில் மிஷனரிகள். எலிசா 1822இல் பிறந்து அந்த ஊர்ச் சூழலில் வளர்ந்தவர். கால்டுவெல் புத்தகம் வைத்துப் படித்த தமிழ், எலிசாவுக்குச் சின்ன வயதில் காது வழியாக வந்த தமிழ். இலக்கணம் எழுதியவர் கணவர். வீட்டுக்குள் தமிழ் சரளமாக இருந்தது முதலில் மனைவியின் நாக்கில்.

அவர் இடையன்குடிக்கு மொழியோடு ஒரு தொழிலையும் கொண்டுவந்தார். மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னுவதைக் கற்றுக்கொடுத்தார். திண்டு போன்ற ஒரு தலையணை, அதில் வரிசையாகக் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னல் எழுப்ப வேண்டும். கண்ணும் விரலும் பழகிய வேலை. மிஷன் அதை ஐரோப்பியர்களுக்கு விற்றது. அடிமை முறை சட்டப்படி இருந்த திருவிதாங்கூரில் (அது ஒழிந்தது 1855இல்), லேஸ் பின்னிய வருமானத்தில் தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்கின்றன மிஷன் குறிப்புகள். ஒரு பெண் தன் விரல்களால் தன்னையே வாங்கியிருக்கிறாள். நான் எழுதிய எந்தக் கவிதையிலும் இதற்கு நிகரான ஒரு வரி இல்லை.

அதே நாகர்கோவிலில், அதே ஆண்டுகளில் நடந்ததுதான் தோள்சீலைக் கலகம். நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம், சட்டம் எல்லாம். கர்னல் மன்றோ காலத்திலேயே கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்ற சலுகை வந்தது. அந்தச் சட்டைகளைத் தைக்கப் பெண்களுக்குக் கற்றுத்தந்தவர்கள் மிஷனரி மனைவிகள். பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, மேல்சாதிப் பெண்கள் போலவே தோள்சீலையும் போட்டார்கள். 1822, 1828, 1858 என்று மூன்று முறை கலவரம் வெடித்தது. சந்தையில் துணியைக் கிழித்தார்கள், பள்ளிகளை எரித்தார்கள். கடைசியில் 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் அரசர் பிரகடனம் செய்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வாலோடுதான் அது வந்தது. எலிசா வளர்ந்தது இந்தச் சூழலில். ஊசியும் நூலும் வெறும் கைவேலையாக இருக்க முடியாத ஓர் ஊரிலிருந்து அவர் இடையன்குடிக்கு மணமாகி வந்தார்.

இடையன்குடி திருவிதாங்கூரைச் சேர்ந்ததல்ல, கம்பெனி ஆட்சிக்குட்பட்ட திருநெல்வேலி. அங்கே எலிசா பெண் குழந்தைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். ‘பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு’ என்று கேட்ட ஊரில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. லேஸ் பின்னலையும் தொடங்கினார். ஆண் பனையேறி பதநீர் இறக்கினால், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண்ணின் வேலை. அந்த அடுப்பிலிருந்து எழுந்து வந்த பெண்கள் திண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கணவர் வெளியூர் போனபோதெல்லாம் நிலையம் எலிசாவின் பொறுப்பில் நடந்தது. இத்தனைக்கும் மிஷனரியின் மனைவிக்குத் தனிச் சம்பளம் கிடையாது என்பதுதான் அக்காலச் சங்கங்களின் நடைமுறை. கணவனைப் பணியில் அமர்த்தினால் மனைவி சேர்த்தி. நம் வீடுகளில் மருமகளைப் பற்றி வைத்திருக்கும் கணக்கும் இதுதானே.

லேஸைப் பற்றி நன்றியோடு மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆந்திராவின் நரசாபூரில் இதே போல மிஷனரிகள் அறிமுகப்படுத்திய லேஸ் தொழிலை ஆராய்ந்து, 1982இல் மரியா மீஸ் ஒரு புத்தகம் எழுதினார். பெண்ணியம் படிக்கும் மாணவிகள் தேடிப் படிக்க வேண்டியது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் நாளில் பல மணி நேரம் உலகச் சந்தைக்காகப் பின்னினார்கள். ஆனால் அவர்களைத் தொழிலாளிகள் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ‘வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள்’ என்ற பேச்சிலேயே கூலி குறைந்தது, சங்கம் இல்லாமல் போனது, வியாபாரம் ஆண்கள் கைக்குப் போனது. வீட்டுக்குள் வேலை செய்வதை ஒரு கௌரவமாகவும் ஆக்கிவிட்டார்கள்.

இதைப் பாடமாகச் சொன்ன அன்று வகுப்பு அமைதியாக இருந்தது. எங்கள் ஊரின் அப்பர் தையலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏஜென்ட் மூட்டையில் அப்பர் கொண்டுவந்து போடுவார், எண்ணி வாங்கிப் போவார். கூலி ஜோடிக்கு இத்தனை என்று. மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை, ஊசி குத்திய விரலுக்கு மஞ்சள். தைத்த ஷூ ஐரோப்பாவில் எந்தப் பெயரில் விற்கிறது என்பது தைத்தவளுக்குத் தெரியாது. ‘உங்க அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க’ என்று கேட்டால், இந்தப் பிள்ளைகள் ‘வீட்டுல சும்மாதான் இருக்காங்க மேடம்’ என்று சொல்வார்கள். நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் தைப்பவர் சும்மா இருப்பவர். மார்த்தா மால்ட் தலையணை ஒருத்தியின் விடுதலைக்கு வழி திறந்தது உண்மை. வீட்டுக்குள்ளேயே பெண்ணை வேலை வாங்கலாம் என்ற ஏற்பாட்டுக்கும் அது ஒரு வழி காட்டியது என்பதும் உண்மை. எலிசாவை வணங்குகிறவர்களுக்கும் வைகிறவர்களுக்கும் இதில் பாதிதான் வேண்டியிருக்கிறது.

கால்டுவெல் 1849இல் ‘தி டின்னவெல்லி ஷானர்ஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். தன்னை நம்பி வந்த மக்களைப் பற்றிய நூல். அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள், பேய் வழிபாட்டினர், அறிவில் பின்தங்கியவர்கள் என்றெல்லாம் அதில் எழுதினார். மிஷன் பணிக்கு இங்கிலாந்தில் ஆதரவு தேட இப்படி எழுதுவது அப்போது வழக்கம். ‘இவ்வளவு தாழ்ந்தவர்களை நாங்கள் தூக்கிவிடுகிறோம், பணம் அனுப்புங்கள்’ என்ற தொனி. எழுதப்பட்டவர்களும் ஒருநாள் ஆங்கிலம் படிப்பார்கள், அதுவும் மிஷன் பள்ளியிலேயே படிப்பார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. படித்தார்கள். நாசரேத்தில் உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை மிஷனரியோடு முறித்துக்கொண்டு வெளியேறி, 1857இல் வெள்ளைக்காரர் அதிகாரம் இல்லாத தனிச் சபையை உண்டாக்கினார். அந்த நூலின் மேல் இருந்த கோபம் தணியாமல் 1880களில் மீண்டும் எழுந்தது. தங்கள் பேராயரே தங்களை அவமதித்ததாக அந்தச் சமூகத்தின் படித்த ஆண்கள் பல பக்கங்களுக்கு மறுப்பு எழுதினார்கள்.

அந்த மறுப்பின் மையம் ‘நாங்கள் க்ஷத்திரியர்கள்’ என்பது. அரச குலம் என்று காட்டுவதற்கு ஆண்டபரம்பரைச் சான்றுகளைத் தேடினார்கள். கருப்பட்டி அடுப்புக்கு முன்னால் புகையில் நின்றவளுக்கு அந்த அரச குலத்தில் என்ன இடம் என்று அந்த விவாதத்தில் யாரும் கேட்கவில்லை. இழிவு செய்தவர் எழுத்திலும் அவள் ஓரத்தில், மறுத்தவர் எழுத்திலும் அவள் ஓரத்தில். சாதி மானம் பேசப்படும் இடத்திலெல்லாம் இதே கதிதான். ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த இரண்டு மதிப்பெண் நூல். 1856இல் முதல் பதிப்பு, 1875இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை முதலில் சொன்னவர் கால்டுவெல் அல்ல. 1816இலேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ் அதைச் சொல்லிவிட்டார். ஆனால் கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு, தோடா, கோத்தா, கோண்டி என்று ஒவ்வொன்றின் வேர்ச்சொல்லையும் வேற்றுமையையும் எண்ணுப்பெயரையும் வைத்து, விரிவாகக் கட்டி எழுப்பியவர் அவர்தான். முதல் பதிப்பில் ஒன்பது மொழிகள், இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு. ரயில் இல்லாத, நூலகம் இல்லாத மணற்காட்டில் இருந்துகொண்டு இதைச் செய்தார். தமிழ் தேவையானால் சமஸ்கிருதத்தின் துணை இல்லாமலே தனித்தியங்க முடியும் என்று அவர் எழுதியது, பின்னால் ஓர் அரசியலுக்கே அடித்தளமானது. இந்தப் பெருமையில் எனக்குப் பங்கு உண்டு. என் வேலையே அதன் மேல்தான் நிற்கிறது.

ஆனால் வகுப்பில் நான் விரும்பி எடுப்பது பால், திணை பற்றி அவர் எழுதிய பகுதி. தமிழில் அவன், அவள், அது என்று ஒருமையில் மூன்று. தெலுங்கில் ஆணுக்கு ‘வாடு’. பெண்ணுக்கும் பசுவுக்கும் பாத்திரத்துக்கும் ‘அதி’. பன்மைக்கு வந்தால் பெண்களும் ‘வாரு’ என்று மனிதர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். அதாவது ஒருத்தியாக நின்றால் அஃறிணை, கூட்டமாக நின்றால் உயர்திணை. கோண்டியிலும் ஏறக்குறைய இதே முறை. கால்டுவெல் இதைக் கவனித்துக் குறித்திருக்கிறார்.

பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு. ‘ஆமெ என்று மரியாதையான சொல் இருக்கே மேடம்’ என்று ஒருத்தி உடனே எழுந்தாள். இருக்கிறது. அதற்கு வினைமுற்று சொல்லு என்றேன். ‘ஆமெ வச்சிந்தி.’ பசு வந்தால்? ‘ஆவு வச்சிந்தி.’ அப்பா வந்தால்? ‘வச்சாரு.’ சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயரில் மரியாதை கொடுத்த மொழி, வினையில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

தமிழ்ப் பிள்ளைகள் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்கள். தொல்காப்பியத்திலிருந்தே மகடூஉவுக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. அது ஏட்டில். வேலூர், ஆம்பூர்ப் பேச்சில் என்ன சொல்கிறோம்? ‘அப்பா வராரு. அம்மா வருது.’ ‘அண்ணன் வரான். அக்கா வருது.’ கம்பெனி வாசலில் ‘சூப்பர்வைசர் வராரு, லேடீஸ்லாம் வருதுங்க.’ கால்டுவெல் தெலுங்கில் கண்டதை நாங்கள் தமிழில் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் நூலில் எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை. அவர் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் எழுத்துத் தமிழும் தென்பாண்டித் தமிழும்.

‘அம்மாவ அதுன்னு சொல்றது மரியாதைக் குறைச்சல் இல்ல மேடம், பாசம்’ என்றாள் ஒருத்தி. இருக்கலாம். குழந்தையையும் ‘அது தூங்குது’ என்கிறோம், கன்றுக்குட்டியையும் என்கிறோம். பெண்ணுக்குக் கிடைக்கும் பாசம் குழந்தையும் கன்றும் இருக்கும் வரிசையில் கிடைக்கிறது, அதிகாரமுள்ளவர் இருக்கும் வரிசையில் கிடைப்பதில்லை. நான் கல்லூரிக்குள் நுழையும்போது ‘மேடம் வராங்க’ என்பார்கள். சம்பளம் வாங்கும் பெண்ணுக்குப் பலர்பால் கிடைத்துவிடுகிறது. அப்பர் தைக்கும் அம்மாவுக்கு இன்னும் ‘வருது’தான்.

1875 பதிப்பில் பின்னிணைப்பாக ஒரு கட்டுரை இருந்தது. பறையர்கள் திராவிடர்களா என்பது அதன் தலைப்பு. மண்ணின் மூத்த மக்களை நிறுத்திவைத்து ‘இவர்கள் நம் இனம்தானா’ என்று கேட்கும் அந்தக் கேள்வியே கூசச் செய்கிறது. ஆனால் அதைக் கேட்டது அவர் மட்டுமல்ல. அவர்கள் வேறு இனம், யாருக்கோ அடிமையாக வந்தவர்கள் என்ற பேச்சு அப்போது புழக்கத்தில் இருந்தது. கால்டுவெல் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. சாதிப் பெயர் பறை என்ற தோற்கருவியின் பெயரிலிருந்து வந்தது என்று காட்டி, அவர்கள் திராவிடர்களே என்ற முடிவுக்கு வந்தார்.

1913இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது இந்தப் பின்னிணைப்பு காணாமல் போனது. தோடர்களைப் பற்றியதும் வேறு சில பகுதிகளும் கூடப் போயின. அந்தப் பதிப்பைத் திருத்தியவர்கள் இருவர்: ஜே.எல். வயட், டி. ராமகிருஷ்ண பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் பின்னால் மறுபதிப்புச் செய்ததும் குறைக்கப்பட்ட அந்த வடிவத்தைத்தான். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த்துறைகளில் படித்தது அதைத்தான். என் ஆசிரியர்கள் படித்ததும் அதுதான். 2008இல் கவிதாசரண் பதிப்பகம் 1875 பதிப்பை முழுதாகக் கொண்டுவந்த பிறகே பலருக்கு இப்படி ஒன்று இருந்தது தெரிந்தது. திராவிடம் என்ற சொல் மேடைகளில் முழங்கிய நூற்றாண்டு முழுவதும், அந்தச் சொல்லுக்குள் தலித்துகளுக்கு இடம் உண்டு என்று அதன் மூலநூல் சொன்ன பக்கங்கள் கையில் இல்லை. மொழியியலுக்குத் தேவையற்றவை என்று நீக்கியிருக்கலாம். நீக்கும்போது எவை தேவையற்றவையாகத் தோன்றின என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தோலோடு பிறப்பைச் சேர்த்துக் கட்டிய நாட்டில், தோல் பதனிடும் ஊரில் இருந்து இதைப் படிப்பது வேறு மாதிரி இருக்கும். பறை செய்யும் தோலைத் தொட்டதால் தீட்டு என்று சொன்னவர்கள், அதே தோல் ஷூவாகி அந்நியச் செலாவணி ஆனபோது தீட்டு பார்க்கவில்லை. முதலாளி வேறாக ஆனார். சுண்ணாம்புத் தொட்டியடியில் நின்றவர்கள் மாறவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த மக்கள் யாருடைய பின்னிணைப்புக்காகவும் காத்திருக்கவில்லை. ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் 1885இலேயே ‘திராவிட பாண்டியன்’ என்ற இதழை நடத்தினார்கள். 1891இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அரசியல் களத்தில் அந்தப் பெயரை முதலில் சூடிக்கொண்டவர்கள், மூன்றாம் பதிப்பில் இல்லாமல் போனவர்களே. கால்டுவெல் இறந்ததும் அதே 1891இல்தான்.

பேராயரான கதையைக் குறிப்பிடாமல் விட முடியாது, ஆனால் அதில் எனக்கு ஆர்வம் குறைவு. 1877 மார்ச் 11இல் கல்கத்தாவில் அவரும் எட்வர்ட் சார்ஜென்ட்டும் சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயர்களாகப் பட்டம் பெற்றார்கள். தாது வருஷப் பஞ்சம் நாட்டைச் சுட்டெரித்துக்கொண்டிருந்த நேரம். கஞ்சியும் வேதமும் ஒரே கையிலிருந்து வந்த அந்த ஆண்டுகளில் கூட்டம் கூட்டமாக மக்கள் சபையில் சேர்ந்தார்கள். 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதி முடித்தார். கொற்கையில் தோண்டிப் பார்த்தார். 1847இல் தொடங்கிய இடையன்குடிக் கோயிலை 33 ஆண்டுகள் கழித்து 1880இல் முடித்தார். 1891 ஜனவரியில் ஓய்வு, ஆகஸ்ட் 28இல் கொடைக்கானலில் மரணம். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்கே கொண்டுபோய், அவர் கட்டிய கோயிலின் பீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய நினைவுக் குறிப்புகள் 1894இல் புத்தகமாக வந்தன. பதிப்பித்தவர் அதே வயட். கால்டுவெல்லின் மகள் இசபெல்லாவின் கணவர். அப்பாவின் வாழ்க்கையும் அப்பாவின் இலக்கணமும் மருமகன் கை வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்தன. தாயோடும் தகப்பனோடும் இடையன்குடியில் வளர்ந்த மகளின் கை அதில் எங்கே பட்டது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எலிசா கணவருக்குப் பின் எட்டு ஆண்டுகள் இருந்து 1899இல் இறந்தார். அவருக்கு ஆண்டுக்கு ஒரு விழா இல்லை, தபால்தலை இல்லை. தபால்தலை 2010இல் கால்டுவெல்லுக்கு வந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் பேராயர் ஆக 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனவர் நந்தியாலின் புஷ்பலலிதா. வினைமுற்றில் பெண்ணைப் பசுவோடு சேர்க்கும் அந்தத் தெலுங்கு நாட்டில்தான் அது முதலில் நடந்தது என்பதையும் வகுப்பில் சொல்வேன். இலக்கணத்தை வைத்து ஊரை எடைபோடும் அவசரம் எனக்கு வந்துவிடாமல் இருக்க அது உதவுகிறது.

போன பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். கால்டுவெல் செய்தது போலச் சொற்களைச் சேர்த்து வாருங்கள், ஆனால் பண்டிதரிடம் கேட்காமல் அம்மாவிடம் கேளுங்கள், தைக்கும்போது கேளுங்கள் என்றேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு பத்திகள். தோல், தோலு, தொகலு, சம்டா. நூல், நூலு, நூலு, தாகா. ஊசி, சூதி, சூஜி, சூயி. முதல் மூன்று பத்திகளில் தோலும் நூலும் அப்படியே ஓடி வர, ஊசியில் மட்டும் நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதைப் பார்த்து, ‘இது யாரு யாருகிட்ட வாங்கினது மேடம்’ என்று கேட்டார்கள். சமஸ்கிருதத்தின் ‘சூசி’ பற்றிச் சொன்னேன்.

அப்பர், சோல், லைனிங், பீஸ் எல்லாப் பத்திகளிலும் ஒரே மாதிரி. உருது பேசும் ஒரு பிள்ளை ஐந்தாவதாக ஒரு பத்தியைப் பென்சிலால் போட்டுவந்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, அந்த வேலைக்கு அவள் அம்மாவுக்கு ஏஜென்ட் கொடுக்கும் கூலியைக் குறித்திருந்தாள். ‘ஊசி’க்கு நேரே, ‘நாமே வாங்கணும்’ என்று இருந்தது.